தெருவின் உரிமை

பிறர் சுவரில் அவர் இசைவின்றிக் கோடு கிழித்தல் ஆகாது என்பது சிறு பிள்ளையும் அறிந்த நெறி. ஆயின், நாடே வாய்பொத்தி நிற்கையில், நியாயம் கேட்க வேறு இடமற்றோர் தம் வழக்கைச் சுவரில் வரைந்தால், அதனையும் அத்துமீறல் என்றே ஒதுக்கிவிடலாமா?

அர்ஜென்டினாவில் 1976 மார்ச் 24 அன்று இராணுவத்தார் ஆட்சியைக் கைப்பற்றினர். அவர்களால் பிடித்துச் செல்லப்பட்டு, இருக்கின்றனரா இறந்தனரா என்று அறியவொண்ணாதபடி மறைக்கப்பட்டோர் 30,000 பேர் என மனித உரிமை இயக்கத்தார் கூறுவர். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் 1977 முதல் தலைநகர் புவெனஸ் அயர்சின் மே சதுக்கத்தில் வாரந்தோறும் கூடி நீதி கேட்டனர். 1983 செப்டம்பர் 21 அன்று, அவ்வாட்சி நீங்குமுன்னரே, ஓவியர் மூவர் முன்மொழிந்தபடி அங்கே ஒரு செயல் நிகழ்ந்தது. மக்கள் காகிதத்தின்மேல் படுத்தனர். உடலைச் சுற்றிக் கோடு வரையப்பட்டது. வழிப்போக்கரும் கைகொடுத்தனர். ஆளளவான அவ்வுருவங்கள் சுற்றியிருந்த சுவர்களில் ஒட்டப்பட்டன. தரையில் கிடத்தினால் இறந்தோர் என்று பொருள்படும். பிள்ளைகளை உயிருடன் கேட்ட தாய்மார் அதற்கு இசையவில்லை. ஆகவே அவை நிமிர்ந்து நின்றன.

உருவம் வரைதல் குறித்து மார்க்க அறிஞர்கள் காட்டும் கண்டிப்பை நாம் மறந்தோமில்லை. இங்கோ வரையப்பட்டது ஆளன்று. ஆள் இல்லாமற்போன இடத்தின் அளவு. இதனை உருவம் என்பதா, உருவத்தின் இன்மை என்பதா என ஃபிக்ஹு பயின்றோர் எண்ணிப் பார்ப்பாராக.

தெருவில் அமர்வோர் தெருவுக்குரிய உரிமையைச் செலுத்த வேண்டும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பார்வையைத் தாழ்த்துதல், துன்பம் தராமை, ஸலாமுக்கு மறுமொழி கூறுதல் ஆகியவற்றுடன் நன்மையை ஏவுதலும் தீமையைத் தடுத்தலும் அவ்வுரிமையுள் அடங்கும். துன்பம் தராமையும் தீமையைத் தடுத்தலும் ஒருசேரக் கூறப்பட்டமை கருதத்தக்கது. தன் பெயர் விளங்கப் பிறர் சுவரைக் கெடுப்பவன் முன்னதை மீறுகிறான். சுவர் அழுக்காகுமே என்று அநீதியின்முன் வாளாவிருப்பவன் பின்னதை மீறுகிறான்.

எனவே தெரு ஓவியத்தை நிறுக்க இரண்டு வினாக்கள் வேண்டும்: அது யாருக்காகப் பேசுகிறது? பேசுகையில் யாரை வருத்துகிறது? மே சதுக்கத்துக் காகிதங்கள் இவ்விரண்டுக்கும் விடை தந்தன என்றே நாம் கொள்கிறோம். ஒட்டிய காகிதத்தைக் கிழித்தெடுத்துச் சுவரைக் கழுவிவிடலாம். மறைக்கப்பட்ட மகனுக்கு ஈடாக அத்தாய்க்கு எதனைக் கொடுப்பது?