உதவியை உதறுபவனுக்கு உதவுவது எப்படி?

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அஸருக்குப் பிறகு, வயதான தாய் ஒருவர் எங்கள் வீட்டிற்கு வந்தார். திரைக்கு அப்பால் என் மனைவியின் அருகில் அமர்ந்துகொண்டு, ஒரு காகிதப் பொட்டலத்தை இந்தப் பக்கம் நகர்த்தினார்.

"ஹஜ்ரத், இது குடியை மறக்கடிக்கும் பொடியாம். சோற்றில் கலந்து கொடுத்தால் போதுமாம். சாப்பிடுகிறவனுக்கே தெரியாதாம். என் மகனுக்குக் கொடுக்கலாமா? மார்க்கத்தில் இதற்கு இடம் உண்டா?"

மகனுக்கு வயது 34. மூன்று குழந்தைகள். மனைவியின் நகைகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ஈரல் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று மருத்துவர் எச்சரித்தும், "எனக்கு ஒன்றுமில்லை, என்னை விட்டுவிடுங்கள்" என்பதே அவன் பதில்.

இக்கேள்வி நம் மஹல்லாக்களில் பல வீடுகளில் வாய்விட்டுக் கேட்கப்படாமலே கிடக்கிறது. ஆகவே அந்தத் தாயிடம் நான் சொன்னவற்றை இங்கே எழுதுகிறேன்.

அவன் கப்று அவனுக்கு, நமக்கென்ன என்று ஒதுங்கிவிட நமக்கு அனுமதி இல்லை. அநீதி இழைக்கப்பட்டவனுக்கு மட்டுமின்றி, அநீதி இழைப்பவனுக்கும் உதவுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அவனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் வியந்து கேட்டபோது, அவனது கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என விளக்கினார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியில் உள்ளது. தன் உடம்புக்கே அநீதி இழைப்பவனும் இதில் அடங்குவான் அல்லவா?

அப்படியானால், அவனுக்குத் தெரியாமல் மருந்து கொடுப்பதும் கையைப் பிடிப்பதுதானே என்று தோன்றும். இங்கேதான் நின்று நிதானிக்க வேண்டும்.

நாயகம் (ஸல்) அவர்கள் தமது இறுதி நோயில் இருந்தபோது, வீட்டார் அவர்களின் வாயின் ஓரத்தில் மருந்து ஊற்றினார்கள். வேண்டாம் என்று அவர்கள் சைகை காட்டியும், நோயாளிக்கு மருந்தின் மீது இயல்பாக இருக்கும் வெறுப்புதான் அது என எண்ணிவிட்டதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். தெளிவு வந்ததும் நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. அங்கிருந்தவர்களில், அதில் பங்கு கொள்ளாத அப்பாஸ் (ரலி) அவர்களைத் தவிர மற்ற அனைவருக்கும் அதே மருந்தை ஊற்றச் செய்தார்கள். சிந்தித்துப் பாருங்கள்! அந்த வீட்டாரை விட அன்பு மிகுந்தவர்கள் யார்? ஆயினும், புத்தி தெளிவாக உள்ள ஒருவரின் மறுப்பை அன்பின் பெயரால்கூட மிதித்துவிடக் கூடாது என்ற பாடத்தை நான் இதில் காண்கிறேன்.

மருத்துவமும் இங்கே எச்சரிக்கிறது. குடியை நிறுத்த மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிரம் என்ற மருந்து உண்டு. அதை உட்கொண்டவர் சிறிதளவு மது அருந்தினாலும் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரிந்துவிடலாம். இதயம் பழுதானவருக்கு உயிரே போகலாம். அதனால்தான் நோயாளி அறியாமல் அதைக் கொடுக்கக் கூடாது என்கிறார்கள். பெயரே தெரியாத பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எல்லாவற்றுக்கும் மேலாக, உம்மா கையால் இட்ட சோறு ஓர் அமானிதம். அதையும் அவன் சந்தேகிக்கத் தொடங்கினால், திரும்பி வர அவனுக்கு எந்த வாசல் மிஞ்சும்?

ஆனால் போதையில் அறிவிழந்து, தன்னையோ மனைவி மக்களையோ தாக்க முற்படுபவனின் நிலை வேறு. அப்போது நாலு பேரைக் கூட்டியாவது தடுப்பது கடமை. மனைவி மக்களைப் பாதுகாப்பான இடத்தில் வைப்பதும் கடமை. போதைப் பழக்கத்தால் வரும் மனக் கோளாறுகளையும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாகவே கொள்கிறது. உயிருக்கு ஆபத்தான கட்டத்தில், மருத்துவர்கள் பரிசோதித்து உறுதி செய்தால், அவனது சம்மதம் இல்லாமலும் குறிப்பிட்ட காலம் சேர்த்துச் சிகிச்சையளிக்க அதில் வழி உண்டு. அது மறைவில் அல்ல, வெளிப்படையாக நடக்கும் காரியம். நெடுநாள் குடித்தவன் திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரக்கூடும். ஆகவே அறையில் பூட்டி வைத்துத் திருத்தலாம் என்று எண்ணாதீர்கள்.

"பணம் கேட்டால் என்ன செய்வேன் ஹஜ்ரத்? கொடுக்காவிட்டால் அழுகிறான். பெற்ற வயிறு கேட்க மாட்டேன் என்கிறது" என்றார் அந்தத் தாய்.

இதற்கு அந்நிஸா அத்தியாயத்தின் 5ஆம் வசனம் வழிகாட்டுகிறது. விவேகமற்றவர்களின் கையில் பொருளை ஒப்படைக்க வேண்டாம் எனத் தடுக்கும் இறைவன், அதே மூச்சில், அவர்களுக்கு உணவும் உடையும் கொடுங்கள், அவர்களிடம் நல்ல சொல்லே சொல்லுங்கள் என்றும் ஏவுகிறான். பணத்தை நிறுத்து, சோற்றை நிறுத்தாதே, சொல்லைக் கெடுக்காதே. இம்மூன்றையும் நாம் தலைகீழாகச் செய்கிறோம். பணத்தைக் கொடுத்துவிட்டு, ஏசிக்கொண்டே சோறு போடுகிறோம்!

நான் என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு ஜும்ஆவில், பெயர் சொல்லாவிட்டாலும் யாரென்று எல்லோருக்கும் புரியும்படி, குடிகாரர் ஒருவரைச் சாடிப் பேசினேன். அதன் பிறகு அவர் அந்தப் பள்ளிவாசல் படி மிதிக்கவில்லை. மது அருந்தித் தண்டனை பெற்றவரை ஒருவர் சபித்தபோது, உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததை மத்ரஸாவில் ஓதியவன்தான் நான். ஓதியது நாவுக்கு வந்து சேரவில்லை.

இத்தனையும் செய்த பின்பும் அவன் திருந்தாமல் போகலாம். நூஹ் (அலை) அவர்கள் மகனைக் கப்பலுக்கு அழைத்தார்கள், அவன் மலையை நம்பினான், அலை குறுக்கிட்டது. அந்த நபியின் அழைப்பில் குறை இருந்ததென்று எவரேனும் சொல்வாரா? அழைப்பது நம் கடமை. உள்ளத்தைத் திருப்புவது அல்லாஹ் ஒருவனின் அதிகாரம். பிள்ளை திருந்தவில்லை என்பதற்காகத் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ளும் தாய்மார்கள் இதை மனத்தில் பதிக்க வேண்டும்.

அந்தத் தாய் பொட்டலத்தை எங்கள் வீட்டிலேயே விட்டுச் சென்றார். அவர் மகன் இன்னும் திருந்தவில்லை. ஆனால், "இப்போது பணம் கேட்பது குறைந்திருக்கிறது, இரவில் எந்நேரமானாலும் சோற்றுக்கு வந்துவிடுகிறான்" என்று சொல்லியனுப்பினார். வந்து உட்காருகிறவனிடம் என்றேனும் ஒரு நாள் மருத்துவரிடம் போகலாமா என்று கேட்க முடியும்.

அந்த ஒரு நாளை அல்லாஹ் அவனுக்கும், அவனைப் போன்ற அனைவருக்கும் விரைவில் தந்தருள்வானாக! ஆமீன்.