அஷ்கெலோன் மருத்துவமனையும் அங்கே புதைந்திருந்தவர்களும்

இஸ்ரேலின் தென்கடற்கரையில், காசா எல்லைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது அஷ்கெலோன் நகரம். அங்குள்ள பார்சிலாய் மருத்துவமனை 1961-இல் தொடங்கப்பட்டது. காசாவிலிருந்து ஏவப்பட்ட ராக்கெட்டுகள் அஷ்கெலோன் வரை வந்து விழத் தொடங்கியபோது ஒரு கொடுமையான நிலைமை கண்ணில் பட்டது. ராக்கெட்டில் அடிபட்டவர்களைக் கொண்டுவந்து சேர்க்கும் அவசர சிகிச்சைப் பிரிவே ராக்கெட் விழுந்தால் தாங்காது. ஆகவே கனத்த கான்கிரீட் சுவர்களுடன் புதிய பிரிவு ஒன்றைக் கட்ட முடிவாயிற்று. அதற்காக நிலத்தைத் தோண்டியபோது பழங்காலக் கல்லறைகள் வெளிப்பட்டன.

அந்தக் கல்லறைகளில் கிடப்பவர்கள் யூதர்களாக இருக்கலாம், அவர்களை அசைக்கக் கூடாது என்றார்கள் ஹரேடிகள் எனப்படும் தீவிர வைதீக யூதர்கள். அப்போது சுகாதாரத் துறையைத் துணை அமைச்சராக நடத்திவந்த யாக்கோவ் லிட்ஸ்மன் அந்தச் சமூகத்தவர். கட்டடத்தை வாகன நிறுத்துமிடத்துக்கு மாற்ற வேண்டும் என்பது அவர் தரப்பு. 2010 மார்ச்சில் அமைச்சரவை அதை ஏற்றது. 11 பேர் ஆதரவு, 10 பேர் எதிர்ப்பு. மாற்றுவதால் கூடுதல் செலவு பத்துக் கோடி ஷெக்கலைத் தாண்டும், பணியும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. சுகாதார அமைச்சகத்தின் தலைமை இயக்குநர் டாக்டர் ஏய்தன் ஹை-அம் பதவியைத் துறந்தார். மருத்துவர்கள் கொதித்தார்கள். ஊரெங்கும் இதே பேச்சானது. பிரதமர் நெதன்யாகு தம் அலுவலகத் தலைமை இயக்குநரின் பொறுப்பில் ஒரு குழுவை அமைத்தார். பழைய இடத்திலேயே கட்டலாம் என்று குழு சொல்ல, அரசு முடிவை மாற்றிக்கொண்டது. மே மாத நடுவில் போலீஸ் காவலுடன் தொல்லியல் துறையினர் கல்லறைகளை அகற்றினார்கள். பல ஊர்களில் ஆர்ப்பாட்டம் நடந்தது; பலர் கைதானார்கள்.

இதை மூடநம்பிக்கைக்கும் மருத்துவத்துக்கும் நடந்த சண்டை என்று எழுதியவர்கள் உண்டு. அப்படிப் பார்ப்பது எளிது, ஆனால் நியாயமில்லை.

இறந்தவர் உடலுக்கு யூத மரபு தரும் மதிப்பு மிகப் பழையது. எகிப்தை விட்டுப் புறப்படும் அவசரத்திலும் மோசே யோசேப்பின் எலும்புகளை மறக்காமல் எடுத்துச் சென்றதாக வேதம் சொல்கிறது. ஏதோம் நாட்டு அரசனின் எலும்புகளைச் சுண்ணாம்பாகும்படி எரித்ததற்காக மோவாபியரைக் கடவுள் தண்டிப்பார் என்கிறார் ஆமோஸ் தீர்க்கதரிசி. அந்த அரசன் யூதன் அல்ல என்பது இங்கே கவனிக்கத்தக்கது. தலைமைக் குரு தன் தாய் தந்தை இறந்தால்கூடப் பிணத்தருகே போகக் கூடாது. ஆனால் கேட்பாரற்றுக் கிடக்கும் ஓர் அநாதைப் பிணத்தைக் கண்டால் அவரே நின்று அடக்கம் செய்தாக வேண்டும். இறந்தவர்கள் ஒருநாள் உயிர்த்தெழுவார்கள் என்ற நம்பிக்கை இவற்றுக்கெல்லாம் அடியில் ஓடுகிறது. அண்மைக்கால வரலாறும் சேர்ந்துகொள்கிறது. நாஜிகள் ஐரோப்பாவின் யூதக் கல்லறைக் கற்களைப் பெயர்த்துச் சாலை போட்டார்கள். தங்கள் முன்னோர்களுக்கு நேர்ந்ததை நினைவில் வைத்திருக்கும் ஒரு சமூகம், மண்வெட்டியின் ஓசை கேட்டதும் பதறுவதில் வியப்பில்லை.

என்றாலும் அதே மரபு உயிரைக் காப்பதை வேறெதையும்விட உயர்த்திப் பிடிக்கிறது. சிலை வணக்கம், கொலை, முறைகெட்ட பாலுறவு ஆகிய மூன்றைத் தவிர எல்லாக் கட்டளைகளும் ஓர் உயிர் ஆபத்தில் இருக்கும்போது விலகி நிற்கும். ஓய்வுநாளில் தீ மூட்டக் கூடாது, ஆனால் நோயாளிக்கு வெந்நீர் வேண்டுமென்றால் மூட்டலாம். தயங்கி நிற்பதுதான் குற்றம். கல்லறை விஷயத்திலும் யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான தால்முத் கண்ணை மூடிக்கொண்டு பேசவில்லை. தற்செயலாகக் கண்டெடுத்த கல்லறை, முன்பே எல்லோருக்கும் தெரிந்த கல்லறை, பொதுமக்களுக்குத் தீங்காக இருக்கும் கல்லறை என மூன்றாகப் பிரிக்கிறது. இரண்டாவதை அசைக்கக் கூடாது என்கிறது. மூன்றாவதை அகற்றலாம் என்று வெளிப்படையாகவே அனுமதிக்கிறது.

அப்படியானால் எதற்கு இத்தனை தகராறு? எந்த உயிர் என்ற கேள்விதான் காரணம். மூச்சுத் திணறிக் கண்முன் கிடப்பவரைக் காப்பாற்ற எதையும் செய்யலாம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. நாளை வரப்போகிற, பெயரும் முகமும் தெரியாத நோயாளிக்காக இன்று ஒரு கட்டளையை மீறலாமா?

பதினெட்டாம் நூற்றாண்டில் பிராக் நகரின் ரப்பி, அதாவது யூதச் சமய அறிஞர், எகஸ்கேல் லாண்டாவிடம் லண்டனிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்தது. சிறுநீர்ப்பைக் கல்லுக்காக அறுவை செய்துகொண்ட ஒருவர் இறந்துபோனார். இனி வருபவர்களுக்கு எப்படி அறுப்பது என்று கற்க, அவர் உடலைத் திறந்து பார்க்கலாமா? அதே நோயுள்ள ஒருவர் இப்போது நம் முன்னே இருந்தால் பார்க்கலாம், இல்லையேல் கூடாது என்றார் லாண்டாவ். வரக்கூடிய நோயாளியையெல்லாம் கணக்கில் எடுத்தால் ஓய்வுநாளில் மருந்து இடிப்பதிலிருந்து கத்தி தீட்டுவதுவரை எல்லாமே அனுமதிக்கப்பட்டுவிடும் என்பது அவருடைய வாதம். நாளைய நன்மையின் பெயரால் இன்று எதையும் செய்துவிடலாம் என்பவர்களை நாம் நிறையவே பார்த்துவிட்டதால், அந்த எச்சரிக்கையை எளிதில் தள்ளிவிட முடியாது.

இருபதாம் நூற்றாண்டில் ஹரேடிகள் தலையில் வைத்துக் கொண்டாடும் ஆவ்ராஹாம் எஷயா கரேலிட்ஸ் இந்த இடத்தில் ஒரு படி முன்னே போனார். நோயாளி கண்முன் இருக்கிறாரா என்பதைவிட, ஆபத்து நடப்பில் இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டியது என்றார். பரவிக்கொண்டிருக்கும் தொற்றுநோயை உதாரணம் காட்டினார். கூடவே எல்லையோர ஊரைப் பற்றிய பழைய தால்முத் விதியையும் துணைக்கு அழைத்தார். எல்லையில் உள்ள ஊரை எதிரிகள் சூழ்ந்தால், அவர்கள் வெறும் வைக்கோலுக்காக வந்திருந்தாலும், ஓய்வுநாள் என்று பாராமல் ஆயுதம் எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும் என்கிறது அந்த விதி. எல்லையில் வாழ்பவருக்கு நாளைய ஆபத்து இன்றைய ஆபத்துதான்.

அஷ்கெலோன் ஓர் எல்லையோர ஊர். ராக்கெட் விழுமா என்று அங்கே யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. என்றைக்கு விழும் என்பது மட்டுமே தெரியாமலிருந்தது. லாண்டாவின் கண்டிப்பான அளவுகோலில் வைத்தால்கூட, அபாயச் சங்கு ஊதும் ஊரில் நோயாளி நம் முன்னே இருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். கல்லறைகளை மரியாதையோடு இடம் மாற்றிவிட்டுக் கட்டுவதற்குச் சமயநூல்களுக்குள்ளேயே போதுமான வழி இருந்தது. 2010-இல் பொதுவெளியில் இந்த வாதம் உரக்கக் கேட்கவில்லை என்பதுதான் வருத்தம்.

கேட்டது வேறு வாதம்: இவை யாருடைய எலும்புகள்? அகழ்வின்போது ரோமானியர் காலத்துப் பலிபீடம் ஒன்று கிடைத்தது. கிரானைட் கல்லில் காளைத் தலைகள் செதுக்கிய அழகான பீடம். கல்லறைகள் யூதர்களுடையவை அல்ல, பல தெய்வங்களை வணங்கியவர்களுடையவை என்று தொல்லியல் துறை அறிவித்தது. பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். சிக்கல் தீர்ந்துவிட்டதாம்.

அந்த நிம்மதிதான் இந்த விவகாரத்தில் மிகவும் சங்கடமானது. யூதர்களாக இருந்திருந்தால் நோயாளிகள் காத்திருக்க வேண்டும், மற்றவர்கள் என்பதால் மண்வாரி இயந்திரம் வரலாம் என்றால், முதல் பாதியில் உயிருக்கு மதிப்பில்லை, இரண்டாம் பாதியில் இறந்தவருக்கு மதிப்பில்லை. ஏதோம் அரசனின் எலும்புகளுக்காகக் கோபப்பட்ட ஆமோஸ் இதை ஏற்றிருக்க மாட்டார். மனித எலும்புகள் தொல்பொருள்கள் ஆகா, அவற்றைச் சமய அமைச்சகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1994-இல் இஸ்ரேல் அரசின் தலைமை வழக்கறிஞர் கருத்துரைத்தார். அந்த மரியாதை மதம் பார்த்துக் கூடவோ குறையவோ கூடாது.

அதே மருத்துவமனை வளாகத்தில் இதைவிடக் கனமான ஒரு நினைவு இருக்கிறது. நபிகள் நாயகத்தின் பேரர் ஹுசைன் கர்பலாவில் கொல்லப்பட்டபின் அவருடைய தலை அஷ்கெலோனில் வைக்கப்பட்டிருந்தது என்பது நம்பிக்கை. பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் ஃபாத்திமிய வசீர் பத்ர் அல்-ஜமாலி அங்கே ஒரு தலம் எழுப்பினார். 1153-இல் சிலுவைப்போர்ப் படை நகரைப் பிடித்தபோது அந்தத் தலை கெய்ரோவுக்குக் கொண்டுபோகப்பட்டது என்பார்கள். தலத்துக்கென்று செய்த மரப் பிரசங்க மேடை இன்றும் ஹெப்ரோனில், ஆபிரகாமின் பெயர் தாங்கிய பள்ளிவாசலில் இருக்கிறது. அஷ்கெலோன் தலத்தை 1950-இல் இஸ்ரேல் ராணுவம் தகர்த்தது. அல்-மஜ்தல் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட ஊரில் எஞ்சியிருந்த பாலஸ்தீனர்கள் காசாவுக்கு அனுப்பப்பட்டதும் அந்த ஆண்டில்தான். பின்னாளில் அந்தத் தலம் இருந்த மேட்டுக்குப் பக்கத்தில் மருத்துவமனை எழுந்தது. 2000-ஐ ஒட்டி இந்தியாவின் தாவூதி போரா முஸ்லிம்கள், தங்கள் அப்போதைய தலைவர் முஹம்மது புர்ஹானுத்தீன் சார்பில், மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு பளிங்குத் தொழுகை மேடை அமைத்தார்கள். மும்பையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வரும் யாத்ரீகர்கள் அங்கே நின்று தொழுகிறார்கள்.

தால்முத்தின் வகைப்பாட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த நினைவிடம். பெயர் தெரியாத எலும்புகளுக்காக ஓர் அமைச்சரவையே ஓட்டெடுப்பு நடத்திய நாட்டில், அறுபதே ஆண்டுகளுக்கு முன் நடந்த இந்தத் தகர்ப்பு 2010-இன் விவாதத்தில் ஒரு பொருட்டாகவே எழவில்லை.

மருத்துவமனையின் புதிய பிரிவு முதலில் திட்டமிட்ட இடத்திலேயே எழுந்தது. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதலில் காயம்பட்ட நூற்றுக்கணக்கானோர் பார்சிலாய்க்குக் கொண்டுவரப்பட்டார்கள். சில நாட்களில் அதன் குழந்தை வளர்ச்சி மையத்தின் மீது ராக்கெட் விழுந்தது. 2010-இல் பெயரும் முகமும் இல்லாமல் இருந்த நோயாளி அன்றைக்கு வந்து சேர்ந்தார். அவருக்காகக் கட்டியது சரி. அடுத்த மாதம், போரின் நடுவே, காசா நகரின் அல்-ஷிஃபா மருத்துவமனையில், இடுகாட்டுக்குக் கொண்டுபோக வழியில்லாமல், இறந்தவர்களை மருத்துவமனை முற்றத்திலேயே புதைத்தார்கள். கல்லறைகளுக்கு மேல் மருத்துவமனை கட்டலாமா என்று ஓர் ஊர் வாதிட்டது. மருத்துவமனைக்குள் கல்லறை வெட்ட வேண்டிய நிலை அடுத்த ஊருக்கு வந்தது. என்றோ ஒருநாள் அல்-ஷிஃபாவை விரிவுபடுத்தக் குழி தோண்டுவார்கள். அப்போது எவரேனும் வெளிப்பட்டால், அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உயிரோடிருக்கிறவர்களாக இருப்பார்கள், அஷ்கெலோனுக்குத் தேவைப்பட்ட அதே நிதானமான விசாரணை அவர்களுக்கும் தேவைப்படும்.