அறியாமையும் அறமும்

ஒரு தோட்டக்காரன் தன் மரத்தில் தொங்கும் காய்களை எண்ணலாம். ஓர் ஆசிரியர் தம் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவரை எண்ணலாம். எண்ணி முடித்தபின் எவ்வளவு எடுப்பது, எவ்வளவு விட்டுவைப்பது என்று முடிவு செய்வதில் பெரிய இடர்ப்பாடு இல்லை. ஆனால், கண்ணுக்குப் புலப்படாத, எண்ணி முடிக்க இயலாத, எவருக்கும் தனியுடைமை ஆகாத ஒரு செல்வத்திலிருந்து நாம் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்? 'தெரியாது' என்னும் சொல் எடுப்பவனுக்கு உரிமை தருகின்றதா, அல்லது அவன் கையைத் தடுக்கின்றதா? இது மெய்யியலாரின் சொல்விளையாட்டு எனத் தோன்றலாம். ஆயினும், அட்லாண்டிக் பெருங்கடலில் வாழும் ஒரு மீனின் வரலாறு, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக இவ்வினாவையே உலக நாடுகளின் முன் வைத்து விடை கேட்டு வந்திருக்கின்றது.

நீலத்துடுப்புச் சூரை என்பது அம்மீன். மூன்று மீட்டருக்கு மேல் நீளும். அறுநூறு கிலோவுக்கு மேலும் எடை பெறும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழவும் வல்லது. பெரும்பாலான மீன்களைப் போலன்றி, தன்னைச் சூழ்ந்த நீரைவிடத் தன் உடலை வெப்பமாக வைத்துக்கொள்ளும் ஆற்றல் இதற்கு உண்டு. ஆகவே, வடகடலின் குளிரிலும் இரை தேடும். முட்டையிடுவதற்கு மத்தியதரைக் கடலின் இளஞ்சூட்டையும் மெக்சிகோ வளைகுடாவின் வெம்மையையும் நாடிச் செல்லும். ஆழ்கடலில் தூண்டிலிட்டு விளையாடுவோருக்கு இதனை வென்று கரை சேர்ப்பதே பெரும்பேறு. 1979ஆம் ஆண்டில் கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கரையோரத்தில் தூண்டிலில் பிடிபட்ட ஒரு மீன் 1,496 இராத்தல் எடை இருந்தது. 1960களில் வட அமெரிக்காவில் இதன் இறைச்சிக்கு விலை மிகக் குறைவு. பின்னர், 1970களில் வானூர்தி வழியே ஜப்பானியச் சந்தைக்கு இதனை அனுப்பத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாயிற்று. விளையாட்டுப் பொருளாய் இருந்தது விலைமதிப்பற்ற பொருளாயிற்று.

கடலில் எத்தனை நீலத்துடுப்புச் சூரைகள் உள்ளன? இதனை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னவர் எவரும் இலர், எண்ணவும் இயலாது. அறிஞர்கள் குறிப்புகளைக் கொண்டு ஊகிக்கின்றனர். எத்தனை மீன் பிடிபட்டது, எந்த வயதில் பிடிபட்டது, அதற்கு எவ்வளவு உழைப்புத் தேவைப்பட்டது என்று கணக்கிடுகின்றனர். மெக்சிகோ வளைகுடாவில் வலைவீசிக் குஞ்சுகளின் தொகையை அளக்கின்றனர். மீனின் செவிக்குள் இருக்கும் சிறு கல்லைப் பிளந்து, அதன் வளையங்களைக் கொண்டு வயதையும், அதில் படிந்துள்ள தனிமங்களைக் கொண்டு பிறந்த கடலையும் அறிகின்றனர்.

இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடி. எந்தக் கண்ணாடியும் முழுமையானதன்று. சான்றாக, ஒரு நாள் உழைப்புக்கு முன்பு பத்து மீன் கிடைத்தது, இன்றும் பத்து மீன் கிடைக்கின்றது என்றால், கடலில் மீன் குறையவில்லை என்று முடிவு கட்டலாமா? முன்பு கண்ணால் தேடியவன் இன்று ஒலியலைக் கருவி கொண்டும் வானூர்தியில் பறந்தும் தேடுகின்றான். மீன் குறைந்தாலும் தேடும் திறன் பெருகியதால் பிடிப்புக் குறையாமல் இருக்கலாம். எஞ்சியவை ஓரிடத்தில் கூட்டமாய்த் திரண்டால், கடைசிக் கூட்டத்தைப் பிடிக்கும்போதும் வலை நிறைந்தே வரும். நிறைந்த வலை கடலின் வளத்துக்குச் சான்றாகாது.

இம்மீனைக் காக்கும் பொறுப்பை ஏற்றது அட்லாண்டிக் சூரைமீன்களைப் பாதுகாப்பதற்கான அனைத்துலக ஆணையம். அதற்கான உடன்படிக்கை 1966ஆம் ஆண்டில் ரியோ டி ஜெனிரோவில் கையொப்பமாகி 1969ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. ஆணையத்தின் தலைமையகம் மாட்ரிட் நகரில் உள்ளது. 1981ஆம் ஆண்டில் இவ்வாணையம், மேற்கு 45 பாகை நெட்டாங்கில் ஒரு கோட்டை வகுத்து, அதற்குக் கிழக்கே ஒரு கூட்டம், மேற்கே ஒரு கூட்டம் எனக் கொண்டது. மேற்கே 1982ஆம் ஆண்டுக்கு விதித்த வரம்பு 1,160 டன். அடுத்த ஆண்டே அது 2,660 டன்னாக உயர்த்தப்பட்டது.

கோடு வரைந்தவன் மனிதன். அதனை அறியாதது மீன். 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பிராங்க் மேத்தர், தூண்டில் விளையாட்டாளரின் துணையோடு மீன்களுக்கு அடையாளச் சீட்டுப் பொருத்தும் திட்டத்தைத் தொடங்கினார். விளையாட்டாளர் மீனைப் பிடித்துச் சீட்டைப் பொருத்திக் கடலிலேயே விட்டனர். பஹாமாஸ் தீவுகளருகே அவ்வாறு விடப்பட்ட சில மீன்கள் நார்வேக் கடலில் பிடிபட்டன. பிற்காலத்து மின்னணுக் கருவிகளும் இரு கூட்டங்களும் கோட்டைக் கடந்து கலந்து இரைதேடுவதைத் தெளிவாகக் காட்டின. எனவே, கிழக்கே ஒருவன் மிகையாய் எடுப்பது மேற்கே மற்றொருவன் காக்கும் மீனாகவும் இருக்கலாம். பொதுச் செல்வத்தில் 'என் பங்கு, உன் பங்கு' என்பது எத்துணைப் பொருளற்றது!

மேற்குக் கூட்டத்தின் மதிப்பீட்டில் இன்னொரு சிக்கலும் எழுந்தது. பழைய நாள்களைப் போலக் குஞ்சுகள் மீண்டும் மிகுதியாகப் பிழைக்கும் என்று கொண்டால், கூட்டம் தன் முன்னைய வளத்துக்கு வெகு தொலைவில் கீழே கிடந்தது. கடலின் இயல்பே மாறிவிட்டது, இனி அத்தனை குஞ்சுகள் பிழைக்கப்போவதில்லை என்று கொண்டால், அதே கூட்டம் போதுமான அளவுக்குத் தேறிவிட்டதாகக் கணக்குக் காட்டியது. தரவு ஒன்றே; கதைகள் இரண்டு. எது மெய் என்று அறிஞர்களால் பல்லாண்டுகள் துணிந்து கூற இயலவில்லை. இத்தகைய வேளையில் மனிதன் எந்தக் கதையை நம்புவான்? பெரும்பாலும் தன் பணப்பைக்கு இசைந்த கதையையே நம்புவான். நம்புவதற்குச் சான்று தேடுவது அறிவு. ஆசைக்கு இசைய நம்பிக்கையைத் தேர்ந்துகொள்வது அறிவின் குற்றம் மட்டுமன்று, அறத்தின் குற்றமுமாகும்.

கிழக்கே நிகழ்ந்தது இதனினும் கொடிது. 1990களிலிருந்து மத்தியதரைக் கடலில் சுருக்குவலைக் கப்பல்கள் மீன்களை உயிரோடு வளைத்து, மிதக்கும் வலைக்கூண்டுகளில் இழுத்துச் சென்று கொழுக்க வைத்தன. நீருக்கடியிலேயே கைமாறும் மீனை எண்ணுவது எவர்? 2006ஆம் ஆண்டில், ஏறத்தாழ 15,000 டன்னுக்கு மேல் எடுக்கலாகாது என்று ஆணையத்தின் அறிவியல் குழு கூறிற்று. ஆணையமோ அடுத்த ஆண்டுக்கு 29,500 டன் என்று வரம்பு விதித்தது. அவ்வாண்டில் உண்மையாகப் பிடிபட்டது ஏறத்தாழ 61,000 டன் என்று அக்குழுவே பின்னர் மதிப்பிட்டது. அறிவுரை ஒன்று, ஆணை அதனிரு மடங்கு, செயல் அதனிலும் இரு மடங்கு.

இங்கே நாம் உற்றுநோக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. பிடிப்பைக் குறைத்துக் காட்டியவன் மீனை மட்டும் திருடவில்லை; அறிவையும் திருடினான். மீனின் தொகையை ஊகிப்பதற்கு அடிப்படையே பிடித்தவர் தரும் கணக்குத்தான். அக்கணக்குப் பொய்யானால் அதன்மேல் எழுப்பிய மதிப்பீடும் பொய்யாகும். பிறகு அவனே வந்து, "அறிஞர் கணக்கில் தெளிவில்லை, ஆகவே எங்களைத் தடுக்காதீர்" என்று வாதிடுவான். விளக்கை அணைத்தவனே இருளைக் காட்டி விடுதலை கேட்பது போன்றது இது. தானே உண்டாக்கிய அறியாமையை ஒருவன் தனக்குச் சான்றாகக் காட்டுதல் எந்த அறநூலுக்கும் ஒவ்வாது.

2008ஆம் ஆண்டில், ஆணையமே வேண்டிக்கொண்டபடி அதன் பணியை ஆராய்ந்த தனிக்குழு, இம்மீனின் மேலாண்மை அனைத்துலக அவமானமாகவே கருதப்படுகின்றது என்று ஒளிவுமறைவின்றி எழுதிற்று. 2010ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை நாடுகள் தோஹா நகரில் கூடியபோது, இம்மீனின் அனைத்துலக வணிகத்தைத் தடைசெய்ய வேண்டுமென மொனாக்கோ முன்மொழிந்தது. 20 நாடுகள் ஆதரித்தன; 68 நாடுகள் எதிர்த்தன; 30 நாடுகள் வாக்களிக்கவில்லை. முன்மொழிவு தோற்றது.

எனினும், அவ்வச்சம் வீண்போகவில்லை. தடை வரும் என்னும் நெருக்கடியில் ஆணையம் 2010ஆம் ஆண்டுக்கான கிழக்கு வரம்பை 13,500 டன்னாகக் குறைத்திருந்தது. சுருக்குவலைக் கப்பல்களில் கண்காணிப்பாளர் ஏறினர். ஒவ்வொரு பிடிப்புக்கும் ஆவணம் கட்டாயமாயிற்று. கூண்டுக்குள் செல்லும் மீன்களை நீருக்கடியில் படமெடுத்து அளக்கும் முறையும் வந்தது. இயற்கையும் கை கொடுத்தது. சில ஆண்டுகளில் குஞ்சுகள் மிகுதியாகப் பிழைத்தன. 1960களில் நார்வேக் கடலைவிட்டு மறையத் தொடங்கிய இம்மீன், 2010களில் அங்கு மீண்டும் தென்பட்டது. 2011ஆம் ஆண்டில் 'அழிவின் பிடியில் உள்ளது' எனக் குறிக்கப்பட்ட இவ்வினத்தை, இயற்கைப் பாதுகாப்புக்கான அனைத்துலக ஒன்றியம் 2021ஆம் ஆண்டில் 'கவலைக்கிடமற்றது' என மாற்றிக் குறித்தது. ஆயினும், மேற்குக் கூட்டம் பழைய நிலையை எட்டவில்லை என்பதையும் அது மறைக்கவில்லை.

இவ்வரலாற்றின் சிறந்த பாடம் 2022ஆம் ஆண்டு நவம்பரில் எழுதப்பட்டது. அதுவரை ஒவ்வொரு முறையும் மதிப்பீடு வெளிவந்தபின் நாடுகள் கூடி, எவ்வளவு எடுப்பது என்று பேரம் பேசின. அவ்வாண்டில் ஆணையம் வேறொரு வழியை ஏற்றது. கூட்டங்கள் எவ்வாறு கலக்கின்றன, எந்த வயதில் முட்டையிடுகின்றன, எத்தனை குஞ்சு பிழைக்கும் என்பவை பற்றிய வெவ்வேறு ஊகங்களைக் கொண்டு, கணினியில் பல கற்பனைக் கடல்களை அறிஞர் படைத்தனர். பல விதிகளை அக்கடல்களில் ஓடவிட்டுப் பார்த்து, எந்த ஊகம் மெய்யானாலும் பெருங்கேடு விளைக்காத விதியைத் தேடினர். அவ்விதியை நாடுகள் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டன. இனிக் கடலிலிருந்து வரும் அளவீடுகளை அவ்விதியில் இட்டால் வரம்பு தானே வெளிப்படும். 2023 முதல் 2025 வரை கிழக்கே ஆண்டுக்கு 40,570 டன், மேற்கே 2,726 டன் என்பவை அவ்வாறு பிறந்தவையே.

ஆசிரியராய் இருப்போர் இதனை எளிதில் உணர்வர். விடைத்தாளைத் திறப்பதற்கு முன்பே மதிப்பெண் திட்டத்தை வகுத்துவிடுகின்றோம். ஏன்? தாளைக் கண்டபின் வகுத்தால் வேண்டியவனுக்கு ஒரு நீதியும் வேண்டாதவனுக்கு ஒரு நீதியும் நம்மை அறியாமலே நுழைந்துவிடும் என்பதால்தான். மாணவன் என்ன எழுதியிருப்பான் என்பது அப்போது நமக்குத் தெரியாது. அத்தெரியாமையே நம் நடுநிலைக்குக் காவலாகின்றது. வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்து, அதனையடுத்தே அடக்கமுடைமையை வைத்தார். தன்னை முன்கூட்டியே கட்டிக்கொள்ளும் அடக்கம் இன்றேல், நடுவுநிலைமை ஆதாயம் எதிரே வந்து நிற்கும் நாளில் தள்ளாடிப்போகும் அன்றோ?

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். "வரம்பு விதிப்பது எளிது, பசிப்பவன் யார்?" என்று அவர்கள் வினவுவர். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஜிப்ரால்ட்டர் நீரிணையருகே கரையோரத்தில் வலைப்பொறி நாட்டி மீன் பிடிக்கும் தொழில் மிகத் தொன்மையானது. அதன் கணக்கேடுகள் பதினாறாம் நூற்றாண்டு வரை பின்செல்கின்றன. அத்தொழிலாளனும், ஒற்றைத் தூண்டிலோடு செல்லும் சிறு படகுக்காரனும், ஒரே வளைப்பில் ஒரு கூட்டத்தையே அள்ளும் கப்பலின் முதலாளியும் ஒருவரல்லர். எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு விதி கண்டோம். எவருக்கு எவ்வளவு என்னும் பங்கீட்டில் இன்னும் பேரமே நடக்கின்றது. மீனுக்கு நீதி செய்து மனிதனுக்கு அநீதி இழைத்தால் அவ்வறம் பாதி அறமே. ஆனால், பங்கீடு நேரில்லை என்பதற்காக மொத்தத்தையே அழிய விட்டால், முதலில் பட்டினி கிடப்பவனும் அச்சிறு படகுக்காரனே. பெருமுதலாளி வேறு கடலுக்குச் செல்வான். அவனால் செல்ல முடியாது.

ஆகவே, நாம் தொடங்கிய வினாவுக்கு விடை இதுதான். அறியாமை எடுப்பதற்கு உரிமை தருவதில்லை, நிதானத்தையே வேண்டுகின்றது. எவ்வளவு குறைவாக அறிகின்றோமோ அவ்வளவு குறைவாக எடுக்க வேண்டும். எடுத்ததை மறைக்காமல் கூற வேண்டும். அடுத்தவர் அறிவு நம் வாய்மையின்மேல் நிற்கின்றது. ஆதாயம் எவர் பக்கம் விழும் என்று தெரிவதற்கு முன்பே விதியை ஏற்க வேண்டும். அது கசக்கும் நாளிலும் அதன்படி நிற்க வேண்டும். அட்லாண்டிக்கில் இனி அளவீடுகள் இறங்குமுகம் காட்டும் காலமும் வரும். விதி குறைவான வரம்பைச் சொல்லும். படகுகள் கரையில் காத்திருக்கும். அன்றுதான் 2022ஆம் ஆண்டில் கொடுத்த சொல்லின் மெய்யான எடை தெரியும். நிறைந்த காலத்தில் வரம்பை மதிப்பது எவர்க்கும் எளிது. குறைந்த காலத்தில் மதிப்பவனே அதனை உண்மையாக ஏற்றவன்.