கட்டளையும் மௌனமும்: சியாகுல்லி எழுப்பிய வினா

1963 ஜூன் 30 அன்று, பலேர்மோவின் புறத்தே பழத்தோப்புகள் சூழ்ந்த சியாகுல்லியில், மாஃபியா கும்பல் கைவிட்டுச் சென்ற ஆல்ஃபா ரோமியோ கார் வெடித்துக் காவலரும் படைவீரருமாக எழுவர் மாண்டபோது, பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சீர்திருத்த இயக்கத்தின் வழிவந்த வால்டென்சிய சபையின் போதகர் பியெத்ரோ வால்தோ பனாஷா, கொலையை விலக்கும் விவிலியக் கட்டளையை நினைவூட்டும் சுவரொட்டிகளை நகரெங்கும் ஒட்டச் செய்தார். கத்தோலிக்கப் பேராயரான கர்தினால் ருஃபீனியோ, 1964இல் விடுத்த மேய்ப்புப்பணி மடலில், சிசிலியின் பெயருக்குக் களங்கம் சேர்ப்பவை என மாஃபியாவையும், எழுத்தாளர் லம்பெதூசாவின் நாவலையும், உண்ணாநோன்பிருந்து ஏழைகளின் உரிமை கோரிய தனிலோ தோல்சியையும் ஒருங்கே வரிசைப்படுத்தினார். 1956இல் பார்த்தினிக்கோவில் வேலையற்றோரைத் திரட்டிப் பழுதான சாலையொன்றைச் செப்பனிட முனைந்ததற்காகவே சிறை சென்ற அறப்போராளியைக் கொலைகாரரோடு சேர்த்து எண்ணியது விந்தையிலும் விந்தை.

மாஃபியாவைத் திருச்சபையின் பகையெனக் கூறாத இம்மௌனத்தின் பின்னே ஓர் இறையியல் சிக்கலும் இருந்தது: புனிதர் படங்களை வணங்கும் கொலைஞனைத் திருச்சபையின் பகைவன் எனலாமா? 1993இல், சியாகுல்லிக்கு அண்மையிலுள்ள பிரான்காச்சோவில், சிறுவரை மாஃபியாவின் பிடியிலிருந்து விலக்கிவந்த பங்குத்தந்தை பீனோ புலீசி கொல்லப்பட்டார். நம்பிக்கையின்மீதான வெறுப்பால் கொல்லப்படுபவரையே மறைசாட்சி என ஏற்கும் திருச்சபை, 2013 மே 25 அன்று அவரை மறைசாட்சியாக அருளாளர் நிலைக்கு உயர்த்தியதன்வழி, மாஃபியாவின் பக்தி நம்பிக்கைக்கே பகையானது என ஏற்றுக்கொண்டது.