மூச்சை அடக்குவதா, விடுவதா?

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் பழுதுபட்ட காற்றறைகள் உடற்பயிற்சியால் மீள்வதில்லை. புகைபிடித்ததாலோ பல ஆண்டு விறகடுப்புப் புகையாலோ இழந்தது இழந்ததுதான். அப்படியிருக்க, வீட்டுக்குள்ளேயே நாள்தோறும் நடப்பதும் எழுந்து உட்காருவதும் எதற்கு? குணமாகாத உடம்பைப் பேணுவதில் என்ன பொருள் என்ற பழைய கேள்விதான் இதற்குள்ளும் இருக்கிறது.

சைவ சித்தாந்தம் இதற்குத் தெளிவாகவே விடை சொல்கிறது. தனு (உடம்பு), கரணம் (உட்கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) என்னும் நான்கும், உயிர் தன்னைப் பிணித்த மலம் நீங்கி முத்தி பெறுவதற்காக இறைவன் மாயையிலிருந்து ஆக்கித் தந்தவை. தந்த உடம்பு நோயுற்றதாலேயே அதைப் பேணும் கடமை தீர்ந்துவிடாது. உடம்பை இழிவென்று முன்பு எண்ணி, பின்னர் அதனுள்ளே இறைவனைக் கண்டு பேணத் தொடங்கியதாகத் திருமூலரே சொல்கிறார்.

அவருடைய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் பிராணாயாமத்துக்கு மாத்திரை என்னும் கால அளவும் தருகிறது: பூரகம் (மூச்சை இழுத்தல்) 16 மாத்திரை, கும்பகம் (அடக்குதல்) 64, இரேசகம் (விடுதல்) 32. நோயாளிக்கு இடர் அந்த நடு எண்ணில்தான். இழுத்த காற்று முழுதும் வெளியேறாததே இந்நோயின் முதன்மைச் சிக்கல். மூச்சை விடும்போது சிறு குழாய்கள் ஒடுங்கிக்கொள்ள, பழைய காற்று தேங்கி நெஞ்சு உப்பிப்போகிறது. அதற்கு மேல் கும்பகமும் செய்தால் இரைப்பு கூடும். அடக்க முடியவில்லையே என்று நோயாளி மனம் குன்ற வேண்டியதில்லை. இரேசகம் பூரகத்தின் இருமடங்கு என்ற விகிதம் அவருக்கும் அப்படியே பொருந்துகிறது. இயன்முறை மருத்துவர்கள் கற்பிப்பதும் ஏறக்குறைய அதையே: மூக்கால் இழுத்து, சுடரை அணைக்காமல் அசைக்க ஊதுவதுபோல உதடு குவித்து, இருமடங்கு நேரம் விடுவது. குவித்த உதடு குழாய்களுக்குள் சற்று அழுத்தத்தைத் தக்கவைத்து, அவை ஒடுங்காமல் காக்கிறது.

நடக்கையில் இரண்டு அடிக்கு இழுத்து நான்கு அடிக்கு விடலாம். நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன் இழுத்து, எழுந்துகொண்டே விட வேண்டும். மூச்சு வாங்குமே என்று அஞ்சி உட்கார்ந்தே இருப்பவரின் தொடைத்தசை மெலிகிறது; மெலிந்த தசையோடு சிறு வேலை செய்தாலும் இரைக்கிறது, அச்சம் இன்னும் வளர்கிறது. பயிற்சி தசையைத் தேற்றி இந்தச் சுழலை உடைக்கிறது. இரைப்பை நோயாளியே 0 முதல் 10 வரை மதிப்பிடும் போர்க் (Borg) அளவுகோலில் அது 3 அல்லது 4-ஐத் தாண்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அத்துடன் நிறுத்தி, மருத்துவரைப் பார்த்த பிறகே மீண்டும் தொடங்க வேண்டும்.