தங்கைக்கு ஒரு தடுப்பூசி

2005 வாக்கில் ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்தேன். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தால் என்னிடம் அனுப்புவார்கள். கணவனிடமிருந்து வந்ததுதான் என்றாலும், முதலில் சோதிக்கப்பட்டவள் மனைவி என்பதால் வீட்டுக்கு நோயைக் கொண்டுவந்தவள் என்ற பழியும் அவள் மேல்தான் விழும். அப்படி வந்தவர்களில் ஒரு பெண் அழவில்லை. மாத்திரை, பிரசவம், பால் கொடுப்பது எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். எழுந்து போகும்போது கதவருகே நின்று கேட்டாள்: “ஏக்கா, போலியோவுக்கெல்லாம் மருந்து இருக்குல்ல, இதுக்கு ஒண்ணும் இல்லையா? தங்கச்சிக்குக் கல்யாணம் பேசியிருக்காங்க. அதுக்கு முன்னாடி போட்டுவிட்டுரலாம்.”

இல்லை என்றேன். ஆராய்ச்சி நடக்கிறது என்றும் சொன்னேன். எச்.ஐ.வி. தடுப்பூசியைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அவள் கேட்டதில் இருந்த துல்லியம் எனக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது. ஆணுறை ஆணின் கையில் இருக்கிறது. ‘ஒருவனுக்கு ஒருத்தி’ என்பது அவனுடைய நடத்தையில் இருக்கிறது. தடுப்பூசி ஒன்றுதான் திருமணத்துக்கு முன்பே, யாருக்கும் தெரியாமல், எவனுடைய சம்மதமும் இல்லாமல் அவள் உடம்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளக்கூடியது. வரப்போகும் மாப்பிள்ளையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் அவளுக்கு இல்லை.

படித்தபோது கிடைத்த பெயர்களில் ஒன்று ஹாரியட் ராபின்சன். அமெரிக்க வைரஸ் ஆய்வாளர். பல ஆண்டுகள் கோழிகளைத் தாக்கும் ரெட்ரோவைரஸ்களை ஆராய்ந்தவர். எச்.ஐ.வி.யும் ரெட்ரோவைரஸ் குடும்பம்தான். 1990களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸில் இருந்தபோது, அன்று பலருக்கும் நம்பமுடியாததாகத் தோன்றிய ஒன்றை அவர் செய்துபார்த்தார். பழைய தடுப்பூசிகளில் கிருமியையே பலவீனப்படுத்தியோ கொன்றோ செலுத்துவார்கள், அல்லது அதன் ஒரு துண்டைச் செலுத்துவார்கள். டி.என்.ஏ. தடுப்பூசியில் அந்தத் துண்டைச் செய்வதற்கான குறிப்பு மட்டும்தான் போகிறது. நம் உடலின் செல்களே குறிப்பைப் படித்து அந்தப் புரதத்தைச் சமைக்கின்றன, எதிர்ப்புச் சக்தி அதைப் பார்த்துப் பழகிக்கொள்கிறது. (பெண் விஞ்ஞானி என்றதும் சமையல் உவமைதானா என்று தோழி ஒருத்தி கடிந்துகொண்டாள். இதைவிடத் தெளிவான உவமை எனக்குக் கிடைக்கவில்லை.) இந்த முறையில் கோழிகள் கொடிய பறவைக் காய்ச்சலிலிருந்து தப்பின.

1992இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் நடந்த தடுப்பூசிக் கூட்டத்தில் தனித்தனியாக இதே வழியில் வந்துசேர்ந்த மூன்று குழுக்கள் தங்கள் முடிவுகளைச் சொன்னன. ஒன்று ராபின்சனுடையது, இன்னொன்று மெர்க் நிறுவனத்தில் மார்கரெட் லியு நடத்தியது, மூன்றாவது டேவிட் வெய்னருடையது. மூவரில் இருவர் பெண்கள். லியுவைப் பின்னாளில் ‘டி.என்.ஏ. தடுப்பூசிகளின் தாய்’ என்று அழைத்தார்கள். பாராட்டுதான். ஆனாலும் ஒரு பெண் மூளையால் செய்ததைப் பாராட்டவும் கருப்பை தேவைப்படுகிறதே என்று தோன்றாமல் இல்லை.

ராபின்சன் பிறகு அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2001இல் அவரும் ராம ராவ் அமரா முதலானோரும் வெளியிட்ட ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. 24 குரங்குகளுக்கு முதலில் டி.என்.ஏ. தடுப்பூசி, பிறகு வலுவூட்ட வேறொரு தடுப்பூசி. ஏழு மாதம் கழித்து வைரஸைச் செலுத்தினார்கள். தொற்று நிற்கவில்லை, ஆனால் வைரஸ் அடங்கியது. தடுப்பூசி போடாத குரங்குகள் எய்ட்ஸை நோக்கிப் போயின. அந்த வழிமுறையை மனிதர்களுக்குக் கொண்டுபோக ஜியோவாக்ஸ் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. அதை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். அந்தத் தடுப்பூசி சுமார் 300 பேரிடம் சோதித்த இரண்டாம் கட்டம் வரை போனது. பாதுகாப்பானது என்று தெரிந்தது. தொற்றைத் தடுக்கிறதா என்று பார்க்கும் பெரும் பரிசோதனைக்கு அது போகவே இல்லை.

ஏன் இவ்வளவு கடினம்? அம்மையோ தட்டம்மையோ வந்தவர்களில் பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுகிறார்கள். உடல் ஏற்கெனவே செய்து காட்டியதைத்தான் அந்தத் தடுப்பூசிகள் சொல்லிக்கொடுக்கின்றன. எச்.ஐ.வி.யிலிருந்து தானாக மீண்டவர்கள் அநேகமாக இல்லை, பார்த்துக் கற்றுக்கொள்ள முன்மாதிரி இல்லை. அது உருமாறிக்கொண்டே இருக்கிறது. ஒருமுறை நுழைந்துவிட்டால் நம் செல்லின் டி.என்.ஏ.விலேயே தன்னை எழுதிக்கொள்கிறது.

ஆக, ஒரு பெண் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கொடுத்த வேலை, எதற்காகத் தொடங்கியதோ அதைத் தரவில்லை. இது வீணா என்று கேட்டால் எந்த விஞ்ஞானியும் இல்லை என்பார், சரிதான். கட்டுரைகள் இருக்கின்றன, மாணவர்கள் இருக்கிறார்கள், அவர் பெயர் இருக்கிறது. உலகில் மனிதர்களுக்கென ஒப்புதல் பெற்ற முதல் டி.என்.ஏ. தடுப்பூசி இந்தியாவில்தான் வந்தது, 2021 ஆகஸ்டில், கொரோனாவுக்காக. அகமதாபாத்தில் உருவான சைகோவ்-டி. ராபின்சனும் மற்றவர்களும் கோழியிலும் எலியிலும் போட்ட பாதை வேறொரு நோயில் போய்ச் சேர்ந்தது.

அதே ஆகஸ்டின் கடைசி நாளில் இன்னொரு செய்தி வந்தது. தென்னாப்பிரிக்கா உட்பட ஐந்து ஆப்பிரிக்க நாடுகளில் சுமார் 2,600 இளம்பெண்களிடம் நடந்த எச்.ஐ.வி. தடுப்பூசிப் பரிசோதனை நிறுத்தப்பட்டது. அது டி.என்.ஏ. தடுப்பூசி அல்ல, வேறு வகை. பாதுகாப்பு சுமார் 25 சதவீதம்தான், போதாது. அந்தப் பரிசோதனையின் பெயர் இம்போகோடோ. பாறை என்று பொருள். 1956 ஆகஸ்ட் 9இல் நிறவெறிச் சட்டத்துக்கு எதிராக பிரிட்டோரியாவில் திரண்ட பெண்களோடு சேர்ந்த சொல் அது. தடுப்பூசி போட்டவர்களில் 51 பேருக்குத் தொற்று, போலி ஊசி போட்டவர்களில் 63 பேருக்கு. இந்த எண்களைப் பார்த்தபோது எனக்கு வேறொரு பெண் ஞாபகம் வந்தாள். அவளிடம் நான் செய்ததை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

நம்பிக்கை மையத்தை விட்டுச் சென்னைக்கு வந்து ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்த காலம். 2009 வாக்கில் சென்னையிலும் புனேயிலும் 32 பேரிடம் டி.என்.ஏ.வும் வலுவூட்டும் ஊசியும் கலந்த எச்.ஐ.வி. தடுப்பூசியின் முதல்கட்டப் பரிசோதனை நடந்தது. அதுவோ அதைப்போன்ற வேறொன்றோ, அதைப் பற்றிக் கேள்விப்பட்டு எங்கள் மகளிர் குழுவில் இருந்த ஒருத்தி வந்தாள். இருபத்தெட்டு வயது, ஒரு குழந்தை. தானும் சேரலாமா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இந்த ஊசியால் எச்.ஐ.வி. வராது. ஆனால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகும், அதனால் சாதாரணப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பதுபோலக் காட்டக்கூடும். வேறு சோதனையால் தெளிவுபடுத்தலாம். பரிசோதனைக் காலத்தில் கர்ப்பமாகவும் கூடாது.

அவ்வளவோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. “நாளைக்கு எந்த ஆஸ்பத்திரியிலயாவது பாசிட்டிவ்னு காட்டினா உங்க மாமியார் வீட்ல என்ன சொல்லுவே? வேணாம்மா” என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: “அப்ப யாருதான்க்கா போட்டுக்குவாங்க? யாராவது போட்டாத்தானே வரும்?”

அவள் போகவில்லை. என் பேச்சால்தான் போகவில்லை. அன்று அவளைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன்.

1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருத்தரிக்கும் வயதுப் பெண்களைத் தொடக்கநிலை மருந்துப் பரிசோதனைகளில் சேர்க்கவேண்டாம் என்று வழிகாட்டியது. காரணம், பாதுகாப்பு. 1993இல்தான் அது விலக்கப்பட்டது. எலிகளில் டி.என்.ஏ. தடுப்பூசி வேலைசெய்கிறது என்று கட்டுரைகள் வந்த அதே ஆண்டு. இடையில் 16 ஆண்டுகள், பெண் உடலில் எப்படி வேலைசெய்யும் என்று சரியாகத் தெரியாமலே எத்தனையோ மருந்துகள் பெண்களுக்குக் கொடுக்கப்பட்டன. அந்த வழிகாட்டுதலை எழுதியவர்களும் என்னைப் போலத்தான் அக்கறையோடு பேசியிருப்பார்கள்.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருப்பதும் எனக்குத் தெரியும். 1986இல் இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது சென்னையில். மருத்துவ மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செய்த ஆய்வு. ரத்தம் எடுக்கப்பட்டது, பாலியல் தொழிலில் இருந்ததற்காகக் காப்பகத்தில் அடைக்கப்பட்ட பெண்களிடமிருந்து. எதற்காக என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. நிர்மலா கையுறைகூட இல்லாமல் துணிச்சலாகச் செய்த வேலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தக் காப்பகப் பெண்களிடம் யாரும் கேட்கவே இல்லை. என்னிடம் வந்தவளோ தானாகவே கேட்டு வந்தாள், நான் மறித்தேன். இரண்டிலும் முடிவெடுத்தது வேறு யாரோ.

ராபின்சனின் உழைப்புக்கு நாம் தரும் மன்னிப்பை, அதாவது பலிக்காவிட்டாலும் அது பங்களிப்புதான் என்ற மதிப்பை, ஊசிக்குக் கை நீட்டியவர்களுக்கு ஏன் தருவதில்லை? ஆராய்ச்சி செய்தவர் பல ஆண்டு கொடுத்தார், இவர்கள் சில ஊசிகள்தானே போட்டுக்கொண்டார்கள் என்று ஒரு நண்பர் வாதாடினார். எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. ஆராய்ச்சியாளர் தோற்றால் அடுத்த மானியத்துக்கு எழுதலாம். தன்னார்வலர் மாமியார் வீட்டில் ஒரு சீட்டைக் காட்டி விளக்கவேண்டியிருக்கும். அந்தத் துணிச்சலும் உழைப்புதான். கட்டுரைகளில் அது ஓர் எண்ணிக்கையாக முடிந்துவிடுகிறது. அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது ‘வேணாம்’ அல்ல. அந்தச் சீட்டை எப்படிக் காட்டுவது, யாரைக் கூப்பிடுவது, கூடவே நான் வரட்டுமா என்பது.

2024இல் லெனகாபவிர் என்ற மருந்தின் முடிவு வந்தது. தடுப்பூசி அல்ல, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. யாரிடமும் சொல்லாமல் போட்டுக்கொள்ளலாம். கதவருகே நின்று கேட்டவளின் தங்கைக்கு இப்போது நாற்பதை ஒட்டிய வயது இருக்கும். கல்யாணம் அந்தத் தை மாதமே நடந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன்.