ஊழும் உரையளவையும்

ஒரு வீட்டின் குசினியில் காஸ் அடுப்பு வெடித்து ஓர் உயிர் போய்விட்டால், அதை ஊழ்வினை என்று சொல்லி அமைவதா, அன்றி அதற்கு உத்தரவாதியான மனிதர் எங்கேனும் இருக்கின்றாரா என்று தேடுவதா என்னும் வினா, 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இலங்கை முழுவதையும் வாட்டியது. கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் உயிலங்குளம் போன்ற மன்னார்ப் பெருநிலத்துக் கிராமங்களுக்கு இவ்வினா இரண்டு பாஷைகளில் வருவது: சைவர் அதை விதி என்பர், கத்தோலிக்கர் ஆண்டவருடைய சித்தம் என்பர். துக்க வீட்டில் இரண்டும் ஆறுதலான சொற்களே. ஆயினும் அச்சொற்கள் துக்க வீட்டைத் தாண்டிக் காரியாலயங்களுக்குட் புகும்போது, ஆறுதலாக இருந்தது அடைக்கலமாக மாறிவிடுகின்றது.

அறிவு பிறக்கும் வழிகளை நம்முடைய சித்தாந்திகள் காட்சி, கருதல், உரை என மூன்றாக வகுத்தனர். தொலைவில் மலையிலே புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென்று கொள்வது கருதலளவைக்குத் தர்க்க நூலோர் தலைமுறை தலைமுறையாகக் காட்டிவந்த உதாரணம். சமையல் எரிவாயுவோ இந்த உதாரணத்தையே கவிழ்த்துவிடுகின்றது. ஏனெனில் அதற்கு நிறமில்லை, இயல்பில் மணமுமில்லை. காற்றைவிடப் பாரமானதாகையால் கசிந்த வாயு நிலத்தோடு படிந்து, மூலை முடுக்குகளிலே தங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். இங்கே புகையானது நெருப்பை முன்னறிவிப்பதில்லை. எல்லாம் முடிந்த பின்னரே வருகின்றது.

நாம் காஸ் மணம் என்று சொல்லும் அந்த அழுகல் நாற்றம் வாயுவினுடையதன்று. எதில் மெர்கப்டன் என்னும் இரசாயனத்தை அதனோடு கலந்து மனிதர் அதற்கு ஏற்றிய குணம் அது. 1937 மார்ச் 18இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்னும் ஊரிலே, பாடசாலைக் கட்டடத்தின் கீழே மணமற்ற இயற்கை வாயு கசிந்து தேங்கி வெடித்தபோது ஏறக்குறைய முந்நூறு பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பிள்ளைகள். அதன் பின்னரே வாயுவுக்கு மணமூட்டுவதை அம்மாநிலம் சட்டமாக்கியது. குணமற்ற ஒரு பொருளுக்கு அரசன் ஆணையால் குணம் வாய்த்தது என்று புராணகாரர் எழுதியிருந்தால் நாம் சிரித்திருப்போம். இங்கே அதுவே நடந்தது.

ஆனால் அந்த மணத்தை அறிவதற்கும் ஒரு மூக்கு வேண்டுமே! வெடிப்புச் செய்திகள் மலிந்திருந்த அந்நாட்களில் ஒரு முதிய தாயார் தமது குசினியில் றெகுலேற்றரைச் சுற்றிச் சவர்க்கார நுரையைத் தடவி, குமிழ் எழுகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, எனக்குத் தடிமன், ஒண்டும் மணக்குதில்லை, நீ ஒருக்கா மணந்து பாரன்" என்று என்னிடம் சொன்னார். காட்சியும் கருதலும் கைவிட்ட இடத்தில் பிறர் சொல்லை நாடுவதே வழி என்பதற்கு வேறு வியாக்கியானம் வேண்டியதில்லை.

அந்தச் சொல்தான் உரையளவை. ஆப்தன் சொல்லே பிரமாணம் என்று கௌதமர் நியாய சூத்திரத்திலே கூற, அதற்குப் பாஷியம் செய்த வாத்ஸ்யாயனர், ஆப்தனாவான் பொருளை நேரே அறிந்தவன், உயிர்களிடத்துத் தயை உடையவன், அறிந்ததை அறிந்தபடி உரைக்க விரும்புபவன் என விரிக்கின்றார். இவ்விலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் ஒன்றே என்றும் சொல்கின்றார். அவ்வாறாயின் ஆய்வுகூடத்தில் வாயுவைப் பரிசோதிக்கும் இரசாயன வல்லுநரும், கட்டளைகள் நிறுவனத்து அதிகாரியும் இவ்வரிசையில் வந்து நிற்கக்கூடியவர்களே. சிலிண்டரின் முத்திரையை நம்பி அதை வீட்டுக்குள் உருட்டி வரும் குடியானவன் செய்வது, வேதத்தை நம்புபவன் செய்வதினின்றும் தர்க்கரீதியில் அதிகம் வேறுபட்டதன்று.

2021இல் குலைந்தது இந்த நம்பிக்கையே. ஜனாதிபதி நியமித்த, மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையிலான குழு, வாயுவின் சேர்மானம் மாறியமையே வெடிப்புகளுக்குப் பிரதான காரணம் எனக் கண்டது. சமையல் வாயு புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டின் கலவை. நமது 30 பாகை வெப்பத்தில் புரோப்பேனின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தின் பத்து மடங்கைத் தாண்டும். பியூட்டேனுடையது மூன்று மடங்கையும் எட்டாது. ஆகவே புரோப்பேனின் பங்கு கூடக் கூட, சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். பழைய கலவைக்குப் பழகிய இணைப்புகள் அதைத் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. சிலிண்டரின் நிறமும் நிறையும் மாறவில்லை. உள்ளே இருந்தது மாறியதை வாங்கியவரிடம் எவரும் சொல்லவில்லை. வீட்டுக் குழாய்களின் பழமையைச் சிலர் காரணமாகக் காட்டினர். அதில் உண்மை இல்லாமலில்லை. உக்கிய குழாயை மாற்றாதவனும் பங்காளிதான். ஆனால் தன் குசினிக்குள் எது வந்திருக்கின்றது என்று அறியாதவனையும், அறிந்திருக்க வேண்டியவனையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது.

வீடுகள் ஒருபுறமிருக்க, தொழிற்றலங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1942இன் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், பெயருக்கேற்பத் தொழிற்சாலைகளை மனத்திற் கொண்டு இயற்றப்பட்டது. வீதியோரத் தேநீர்க்கடையில் வாடிக்கையாளரின் காலடியில் நிற்கும் சிலிண்டர் அதன் ஆசிரியர்களின் கற்பனையில் இருந்திராது.

இனி விதிக்கு வருவோம். மாண்டவரின் மரணம் அவருடைய பிராரத்துவம், அதாவது முன்வினையின் பயன், என்றே ஒப்புக்கொள்வோம். சித்தாந்தம் அதை மறுக்காது. ஆனால் அதே சித்தாந்தம், ஒருவன் இப்பிறவியில் புதிதாக ஈட்டும் வினையை ஆகாமியம் என்று வேறாக எண்ணுகின்றது. என் தலைவிதி என்னைக் கொன்றது என்பது, என்னைக் கொன்றவனுக்கு விடுதலைப் பத்திரமாகாது. பரிசோதியாமல் ஒப்பமிட்ட கையின் கணக்கில் அது புதுவினையாக ஏறியே தீரும். கத்தோலிக்கரின் பாவமன்னிப்பு மன்றாட்டோ, சிந்தனை, சொல், செயல் என்பவற்றோடு கடமையில் தவறியதையும் தனியே எண்ணுகின்றது. மேற்பார்வை என்னும் உத்தியோகத்தில் இருப்பவர் செய்யக்கூடிய பாவம் பெரும்பாலும் இந்த நாலாவது வகையே என்பது என் எண்ணம். இரு சமயங்களும் இவ்விடத்தில் முரண்படாதிருக்க, அரச அறிக்கைகளில் மட்டும் "துரதிர்ஷ்டவசமான சம்பவம்" என்ற சொற்றொடர் எங்கிருந்து நுழைகின்றதோ தெரியவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். 2021 டிசம்பரிலே, மெர்கப்டன் போதிய அளவில் இல்லை என்று கண்டு, வாயு ஏற்றி வந்த ஒரு கப்பலின் சரக்கை இறக்க நுகர்வோர் அதிகார சபை அனுமதி மறுத்தது. ஆப்தனுக்குரிய மூன்று லட்சணங்களும் ஒரு காரியாலயத்தில் ஒரு நாளாவது கூடியிருந்தன. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அச்சபை, இந்தக் கண்டிப்பை வெடிப்புகளுக்குப் பின்னரன்றி முன்னரே ஏன் காட்டவில்லை என்று கேட்பது அதன் நன்மையைச் சிறுமைப்படுத்துவதாகாது.

அடுத்த ஆண்டு பொருளாதார நெருக்கடி வந்தபோது, முன்பு அஞ்சி முற்றத்தில் வைத்த அதே சிலிண்டருக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். விறகு கிடைத்த கிராமத்தார் பழைய அடுப்புக்குத் திரும்பினர். மன்னார்க் கடலடியிலும் இயற்கை வாயு உண்டென்று 2011இல் கெய்ர்ன் நிறுவனத்தின் துளைப்பில் தெரியவந்தது. அது இன்னும் எடுக்கப்படவில்லை. எடுக்கும் நாள் வருமாயின், எவ்வளவு இலாபம் என்று கணக்கிடுவோர் ஏராளமாக வருவர். அதை அளந்து, பரிசோதித்து, குடிகளுக்கு உள்ளபடி சொல்லப்போகின்றவர் யார் என்பதை அதற்கு முன்னரே கேட்டுவைக்கும் உரிமை இக்கரையில் வாழ்வோருக்கு உண்டு.